புளித்தால் கெட்டதாகிவிடுமா?

கேள்வி: பெல்ஜியத்தின் ‘கூஸ்’ பீரைச் சென்ற இதழில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அலுவல் காரணமாக பிரஸ்ஸல்ஸ் சென்றபோது ஒரு பாட்டில் வாங்கினேன். விலையோ ஒயின் விலை. சுவையோ புளித்துக் கெட்டுப்போன சுவை. 1516-ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டப்படி தண்ணீர், பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ மட்டும் சேர்த்துக் காய்ச்சும் ஜெர்மன் பீர்தானே அசல்? கோதுமையையும் பழத்தையும் போட்டுப் புளிக்க வைத்ததை எப்படிப் பரிந்துரைக்கிறீர்கள்?
– வாசகர், கோவை

பதில்: அந்தப் பாட்டிலில் எதுவும் கெட்டுப்போகவில்லை. செய்தவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்து வரவழைத்த புளிப்பைத்தான் கெட்டது என்று தீர்ப்பெழுதியிருக்கிறீர்கள். இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் கலப்பதில்லை. புளித்த மாவைக் கெட்ட மாவு என்று கொட்டுவதும் இல்லை. இதைக் கோவைக்காரர் ஒருவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு.

இன்னொன்றையும் முதலிலேயே சரிசெய்துவிடுகிறேன். கூஸில் பழம் கிடையாது. புளிப்புச் செர்ரியை ஊறவைத்துச் செய்வது ‘கிரீக்’ என்ற வேறு வகை. இரண்டுக்கும் அடிப்படை, பிரஸ்ஸல்ஸிலும் அதை ஒட்டிய சென்னெ ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் காய்ச்சப்படும் லாம்பிக் என்ற பீர். ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலையில் அந்த வேலையை நேரில் பார்க்கலாம். ஆலையே அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. கூரைக்கு அடியில், அகலம் மிகுந்து ஆழம் குறைந்த செம்புத் தொட்டி ஒன்று உண்டு. மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றைக் கொதிக்கக் கொதிக்க அதில் நிரப்பி, காற்று வரும் வழிகளைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே ஆற விடுகிறார்கள். விடிவதற்குள் காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதில் இறங்கிவிடுகின்றன. ஈஸ்ட் என்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால் இந்த வேலை குளிர் மாதங்களில் மட்டுமே நடக்கிறது. ஆலையின் சிலந்தி வலைகளைக்கூட ஒட்டடை அடித்துக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு.

பிறகு மரப்பீப்பாய். அதில் முதலில் சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. அடுத்து லாக்டிக் பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கிறது. பல மாதங்கள் கழித்து பிரெட்டனோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட், தோல் என்றும் வைக்கோல் என்றும் குடிப்பவர்கள் அடையாளம் சொல்லும் அந்த மணத்தை மெல்லக் கொண்டுவருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று வயதான பீப்பாய்களைச் சுவைத்துப் பார்த்துக் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளைய பீரில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை உள்ளேயே மீண்டும் நொதித்துக் குமிழியைத் தருகிறது. இவ்வளவு காலம் பணம் பீப்பாய்க்குள் முடங்கிக் கிடக்க, ஒரு பகுதி ஆவியாகியும் போக, அழுத்தம் தாங்கும் கனத்த பாட்டிலும் வாங்கியாக வேண்டியவர், சில வாரங்களில் தயாராகும் லாகர் என்ற வழக்கமான பீரின் விலைக்கு இதை விற்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்?

தூய்மைச் சட்டத்துக்கு வருகிறேன். 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட்டில், தெற்கு ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட டியூக்குகள் பிறப்பித்த அந்த ஆணையை எடுத்துப் படித்துப் பாருங்கள். எந்தப் பருவத்தில் எந்த விலைக்கு மேல் பீர் விற்கக் கூடாது என்பதுதான் அதில் பெரும்பகுதி. கோதுமையை ரொட்டிக்காக மிச்சப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பார்கள். ஆனால் அடுத்த நூற்றாண்டில் அதே பவேரியாவின் ஆட்சியாளர்கள் கோதுமை பீரைத் தங்கள் ஏகபோகமாக்கிக் கருவூலத்தை நிரப்பிக்கொண்டார்கள். ஜெர்மனி முழுவதற்கும் இவ்விதி பொருந்தியதே 1906-இல்தான். வெளிநாட்டு பீரைத் தடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1987-இல் கூறிவிட்டது. லைப்சிக் நகரத்தார் பெருமையோடு ஊற்றித் தரும் ‘கோஸ’ என்ற ஜெர்மன் பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன, புளிக்கவும் புளிக்கும். அதையும் அசல் இல்லை என்பீர்களா?

உங்கள் நாக்கு பழகியிருக்கும் பீருக்கும் வயது அதிகமில்லை. யோசெப் குரோல் என்ற பவேரியர் 1842-இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் காய்ச்சிய பொன்னிற லாகரின் வழித்தோன்றல் அது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய பின்னரே, எங்கு வாங்கினாலும் ஒரே சுவை என்பது நடைமுறைக்கு வந்தது. லாகரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பில்சன் ஆலையின் நிலவறையில், வடிகட்டாமல் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தரும் லாகரையும் இதே பக்கத்தில் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எனினும் லாகரிலிருந்து ஒரே தாவலில் கூஸுக்குப் போனால் நாக்கு மிரளும் என்பது உண்மை. (குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டும் பதில் அன்று இது, நீங்கள் ஏற்கெனவே குடிப்பவர் என்பதால் சொல்கிறேன்.) அடுத்த முறை, துறவிகளின் மடத்தில் காய்ச்சும் வெஸ்ட்மாலெ ட்ரிப்பலில் தொடங்குங்கள், ஆனால் அதன் ஆல்கஹால் 9.5 சதவீதம், லாகரைப் போல மடமடவென்று குடிப்பதற்கு உரியதல்ல. பிறகு ஓர்வால் என்ற பீர், 6.2 சதவீதம். அதிலும் பிரெட்டனோமைசிஸ் உண்டு என்பதால் கூஸின் மணத்துக்கு நல்ல முன்னோட்டம்: புதிய பாட்டிலில் ஹாப்ஸின் கசப்பு தூக்கலாக இருக்கும், ஓராண்டு வைத்திருந்தால் கசப்பு தணிந்து அந்த மணம் மேலெழும். இவற்றுக்குப் பின் பூன் ஆலையின் கூஸ், அது பிடித்துப்போனால் மட்டும் கான்டியோன். லேபிளில் ‘பழைய’ என்று பொருள்படும் ‘அவுடே’ அல்லது ‘வியே’ என்ற அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் முழுவதும் லாம்பிக், அதில் ஒரு பங்காவது மூன்று வயதானது என்பது ஐரோப்பியச் சட்டத்தின் உறுதி; அது இல்லாதவற்றில் இனிப்புச் சேர்த்தவையும் உண்டு.

ஐஸ் போலக் குளிர வைக்காதீர்கள். 12 டிகிரி அளவில், அடிவண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றுங்கள். பிரஸ்ஸல்ஸின் பழைய லாம்பிக் கடைகளில் ரொட்டித் துண்டின் மேல் மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, சிவப்பு முள்ளங்கி வில்லைகளை அடுக்கித் தருவார்கள். அதையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.