குதிரைக்கு முழங்கால் எங்கே? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் யாரிடமும் ஓவியம் கற்கவில்லை. பதினொரு வயதில் தொடங்கி எட்டு ஆண்டாகக் குதிரை வரைகிறேன். தாத்தா சிங்கப்பூரில் புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரித்தவர், என் படங்களில் இருந்த தப்பையெல்லாம் அவர்தான் காட்டிக் கொடுத்தார்.

தொடக்கநிலை 5 மாணவர்: நான் வரையும் குதிரை நாய் மாதிரி வருகிறது. முன்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும்?

தம்பி, நல்ல கேள்வி. கையை மேசைமேல் வை, நடுவிரல் நுனி மட்டும் தொடட்டும். அந்த விரல் நகம்தான் குளம்பு. குதிரையின் முன்னங்கால் முழங்கால் என்று நாம் நினைப்பது உன் மணிக்கட்டு, அதன் முழங்கை மேலே நெஞ்சோடு ஒட்டி இருக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாகக் கூராக நீட்டிக்கொண்டிருப்பது குதிகால், உண்மையான முழங்கால் வயிற்றோரம் இருக்கும். அப்புறம் அளவு. தலையின் நீளத்தை அளவுகோலாக வைத்துக்கொள். நெஞ்சிலிருந்து பிட்டம் வரை ஏறக்குறைய இரண்டரைத் தலை, தரையிலிருந்து தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) வரையும் கிட்டத்தட்ட அதே இரண்டரை, அதனால் முதலில் ஒரு சதுரம் போட்டுக்கொண்டு தொடங்கு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், படத்தைப் பார்த்துப் படம் வரையாதே. அதை வரைந்தவர் செய்த தப்பும் உன் கைக்கு வந்துவிடும்.

ஈசூன் வாசகர்: என்ன பென்சில், என்ன தாள்?

2பி, 4பி போதும். தாள் எதுவானாலும் சரி, ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் மூடிய பெட்டியில் வையுங்கள்.

செங்காங் அக்கா: ஏழு குதிரைப் படத்தை எந்தத் திசையில் மாட்டலாம்?

வாஸ்து எனக்குத் தெரியாது அக்கா, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நீங்களே வரைவதானால் இருபத்தெட்டுக் கால்களையும் எண்ணிப் பாருங்கள், கூட்டமாக வரையும்போது கால் காணாமல் போய்விடும்.

தோ பாயோ வாசகர்: கிராஞ்சி பந்தயத் திடலை மூடியாயிற்று, இனிக் குதிரையை எங்கே பார்ப்பது?

2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடியது. அதை நடத்தியது 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகம், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. குதிரையேற்றப் பள்ளிகளில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பின்பக்கமாக நெருங்காதீர்கள். இரண்டு காதும் பின்னால் படிந்தால் விலகிவிடுங்கள்.

ஜூரோங் அண்ணன்: பாய்ந்து ஓடும் குதிரைக்கு நான்கு காலும் முன்னும் பின்னும் விரிந்திருக்கும். நீங்கள் வயிற்றுக்கு அடியில் மடக்கி வரைந்திருப்பது தப்பு.

தப்பில்லை அண்ணா. 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்புவது உண்மைதான், ஆனால் கால்கள் மடங்கி வயிற்றுக்கு அடியில் சேரும்போதுதான் எழும்புகின்றன.

அதே அண்ணன்: அதற்கு முன் வரைந்த பெரிய ஓவியர்கள் எல்லாம் முட்டாள்களா? ஸ்ரீரங்கத்துச் சிற்பியும் தப்பா?

யாரையும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் மாதக்கணக்கில் குதிரை உடல்களை அறுத்துப் பார்த்து, 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றி நூலே வெளியிட்டார். எலும்பு எலும்பாகத் தெரிந்த அவரே பாயும் குதிரைக்குக் காலை விரித்துத்தான் வரைந்தார். அந்த வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, முன்னே இருந்த படங்களிலும் அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்துப் படம் வரையாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் ஓடவில்லை அண்ணா, பின்னங்காலை ஊன்றி எழும்பி நிற்கின்றன. உயிருள்ள குதிரையும் அப்படி எழும்பும். ஐயனார் கோவில் மண்குதிரைக்குக் கால் தூண்போலப் பருத்திருப்பதும் பிழையல்ல, அவ்வளவு மண் உடம்பைத் தாங்க வேண்டுமே! குயவர் அவருடைய மண்ணுக்கு உண்மையாக இருந்தார். நாம் பென்சிலில் வரைகிறோம், நமக்கு அந்தப் பாரம் இல்லை.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: ஏழு குதிரைப் படம் மேற்குச் சுவரில் இருந்தால்?

மேலே சொல்லிவிட்டேன்.

உயர்நிலை மாணவி: ஏஐ உருவாக்கிய படத்தைப் பார்த்து வரையலாமா?

வேண்டாம். அதுவும் படம்தான். புகைப்படமோ காணொளியோ எடுத்து, ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்.

ஓர் அம்மா: என் மகள் குதிரை தவிர எதுவும் வரைவதில்லை. மாற்றச் சொல்லவா?

சொல்லாதீர்கள் அக்கா. என் அம்மாவும் கவலைப்பட்டார். நிழல், எலும்பு, தூரம், தோலின் பளபளப்பு என எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் குதிரை வரைந்துதான் கற்றேன். நோட்டு தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தொடக்கநிலை 5 மாணவர் மறுபடியும்: கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் எங்கே போனது?

குதிரைக்குக் கட்டைவிரல் இல்லை தம்பி, சுண்டுவிரலும் இல்லை. நடுவிரலுக்கு இரண்டு பக்கமும் ஆட்காட்டி விரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய எலும்பு ஒவ்வொன்று மிஞ்சியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. குதிரைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது, மணிக்கட்டுக்குக் கீழே காலின் பின்புறம் மெதுவாகத் தடவிப் பார்.