வேதி ஆலையின் கணித மாடல் பொருந்துகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் வேதிவினை உலை மாடலுக்கு ஆர்-ஸ்கொயர் (தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98. இதற்கு மேலும் சரிபார்ப்பு வேண்டுமா?

வேண்டும். தரவின் வீச்சு அகலமாக இருந்தால் சுமாரான மாடலுக்கும் ஆர்-ஸ்கொயர் உயர்ந்துதான் வரும். எச்சங்களை, அதாவது அளவீட்டுக்கும் மாடலின் கணிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை, நேரம், வெப்பநிலை, ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிராக வரைந்து பாருங்கள். சாய்வோ வளைவோ தெரிந்தால் மாடலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

கேள்வி: மாடலுக்கும் ஆலை அளவீட்டுக்கும் 5% வித்தியாசம். எந்த அளவுருவை (மாடலில் தரவுக்கேற்பப் பொருத்தும் எண்ணை) மாற்றலாம்?

என்ன ஆலை, எந்த அளவீடு, மாடல் கூடுதலாகச் சொல்கிறதா குறைவாகச் சொல்கிறதா, ஒன்றும் எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பொதுவாக ஒன்று: எதையும் மாற்றுமுன் நிறைச் சமநிலை பாருங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் 3% வித்தியாசப்பட்டால், ஓட்டமானியின் பிழையைத்தான் அளவுருவுக்குள் திணிக்கப் போகிறீர்கள்.

கேள்வி: ஒரு மாதத் தரவு, நிமிடத்துக்கு ஒரு வரிசை. குலுக்கி, பொருத்த 70%, சரிபார்க்க 30% என்று பிரித்தேன். இரண்டிலும் பிழை ஒரே அளவு. மாடல் சரிபார்க்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 10:01-இன் அளவீடும் 10:03-இன் அளவீடும் காலிப்ரேஷனுக்கு, அதாவது அளவுருக்களைப் பொருத்தும் வேலைக்கு, போய், 10:02 சரிபார்ப்புக்கு வந்தால், அங்கே சோதிக்க என்ன இருக்கிறது? மாடல் பார்த்ததையே மறுபடி பார்க்கிறது. உங்கள் 43,000 வரிசையை நம்பி ஏமாறவும் வேண்டாம். ஆலையின் காலமாறிலி, அதாவது ஒரு மாற்றத்தின் பெரும்பகுதி வெளியே தெரிய ஆகும் நேரம், 2 மணி என்றால், ஒன்றையொன்று சாராத தகவல் சில நூறு வரிசைக்குத்தான் தேறும். சேமிப்பு அமைப்பு தரவைச் சுருக்கி வைத்து, இடையில் நேர்கோடு போட்டு நிரப்பியிருந்தால் இன்னும் குறையும்.

முதல் மூன்று வாரத்தில் பொருத்துங்கள், கடைசி வாரத்தைத் தொடாமல் வையுங்கள். அந்த வாரத்தில் ஓட்டமோ மூலப்பொருளோ மாறியிருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், முடிவு பிடிக்கவில்லை என்று அளவுருவைத் திருத்திவிட்டு அதே வாரத்தில் மறுபடி ஓட்டினால், அந்த வாரமும் காலிப்ரேஷன் தரவாகிவிட்டது. சரிபார்ப்புக்குப் புதுத் தரவு தேட வேண்டியதுதான். இப்படிப் போலியாகத் தேறிய மாடலை நம்பி ஒருவர் உலையின் வெப்பநிலையை உயர்த்துவார். அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று: கட்டுப்பாட்டுக் கருவி மாதம் முழுக்க வெப்பநிலையை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருந்தால், வெப்பநிலையின் விளைவு அந்தத் தரவில் இருக்காது. வெப்பநிலையை வேண்டுமென்றே ஒரு படி மாற்றிப் பார்க்கும் சோதனை செய்யாமல் அது கிடைக்காது.

கேள்வி: வினைவேகம் வெப்பநிலையோடு மாறுவதைச் சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் அதிர்வெண் காரணியும் கிளர்வு ஆற்றலும் ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் வேறு மதிப்பில் நிற்கின்றன. மென்பொருள் கோளாறா?

இல்லை. இரண்டும் பின்னிக்கிடக்கின்றன, ஒன்று கூடினால் மற்றதும் கூடி ஈடுகட்டிவிடும். உங்கள் வீச்சின் நடுவே ஒரு வெப்பநிலையை, 350 கெல்வின் என்று வையுங்கள், எடுத்துக்கொண்டு, அங்குள்ள வினைவேக மாறிலியை அதிர்வெண் காரணிக்குப் பதிலாக அளவுருவாக்குங்கள். பின்னல் பெருமளவு தளரும். மொத்த வீச்சே 10 டிகிரிதான் என்றால் இதுவும் உதவாது.

கேள்வி: எத்தனை அளவுரு வரை பொருத்தலாம்?

தரவு தாங்கும் வரை. மதிப்பைவிட அதன் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) பெரிதாக வந்தால் அந்த அளவுருவைத் தரவு தாங்கவில்லை.

கேள்வி: எப்போது மறுபடி காலிப்ரேஷன்?

எச்சங்களின் சராசரி ஒரே பக்கமாக நகரத் தொடங்கும்போது. வினையூக்கியை மாற்றினால் உடனே. அப்போதும் முதலில் நிறைச் சமநிலை.

கேள்வி: வெப்பப் பரிமாற்றியில் படிவுத் தடை (குழாயில் படியும் அழுக்கு வெப்பத்தைத் தடுக்கும் அளவு) எதிர்மறையாக வருகிறது. கீழ் எல்லையைப் பூஜ்யம் என்று வைத்துவிடட்டுமா?

வைக்காதீர்கள், பிழை மறைந்துவிடும். புதுப் படிவின் சொரசொரப்பால் தொடக்கத்தில் கொஞ்சம் எதிர்மறை வருவதுண்டு. அது நீடித்தால், சுத்தமான குழாய்க்கான வெப்பப் பரிமாற்றக் கெழுவைக் குறைவாகப் போட்டிருக்கலாம், அல்லது தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரி தவறாகக் காட்டலாம். சாதாரண கே வகையில் 2 டிகிரி அளவுக்குப் பிழை இயல்பு. இரு பக்கமும் வெப்பச் சமநிலை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். பரிமாற்றியின் முனையில் இரு ஓட்டங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்து.