ரெக்கார்டு நோட்டின் கடைசி வரி

வணக்கம் சார்,

நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. பதினோராம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் என்று பாடநூல் இருக்கிறது. முதலிலேயே பைத்தானை வைத்தால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்குமா? தமிழ்க் கலைச்சொற்கள் அவர்களைக் குழப்புகின்றனவா? சாட்ஜிபிடி வந்தபிறகு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டுமா? நான் எழுதிக் கொடுக்கும் மாதிரியைப் பார்த்து, மாணவர்கள் அடித்தல் திருத்தல் இல்லாமல் ரெக்கார்டை அழகாக முடித்துவிடுகிறார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் விழிக்கிறார்கள். எதை மாற்றுவது?

ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

எந்தக் கணினி மொழியை முதலில் வைத்தாலும் சரி. பைத்தான் கொஞ்சம் எளிது, அவ்வளவுதான். கலைச்சொல் விஷயமும் அப்படியே. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளையை 'மடக்கு' என்றாலும் 'லூப்' என்றாலும், அது எத்தனை முறை சுற்றும் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த பிள்ளை தேறிவிடும்.

என் கண் நின்றது 'அடித்தல் திருத்தல் இல்லாமல்' என்ற இடத்தில்தான். போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொறியியல் படிக்கும் அவர் மகள் நள்ளிரவு தாண்டியும் லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ஒரே வரி: 'இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது.' நிரல் என்றால் புரோகிராம். உங்கள் பிள்ளைகள் எழுதும் வரிதான், அவள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள், வேறு வித்தியாசம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் நானும் இதே வரியைத்தான் எழுதினேன். அன்று ராத்திரி அவள் மடிக்கணினி பைக்குள்ளேயே கிடந்தது. எதை இயக்கினாள், எதைச் சரிபார்த்தாள்?

எங்கள் செமஸ்டர் லேப் தேர்வைச் சொல்கிறேன். எனக்கும் பக்கத்து இருக்கை நண்பனுக்கும் ஒரே கேள்வி வந்தது, ஐந்து எண்களில் பெரியதைக் காண வேண்டும். ரெக்கார்டில் இருந்த நிரல் எல்லோருக்கும் மனப்பாடம். 'மேக்ஸ்' என்ற மாறியில், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டியில், முதலில் பூஜ்யத்தை வைத்துக்கொள், அதைவிடப் பெரிய எண் வந்தால் மாற்றிக்கொள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பலகையில் ஐந்து எண்களை எழுதிப் போட்டார். ஐந்தும் மைனஸ் எண்கள்.

திரையில் பூஜ்யம் வந்தது. கொடுத்த எண்களில் பூஜ்யமே கிடையாது! எந்த மைனஸ் எண்ணும் பூஜ்யத்தைவிடப் பெரியதில்லை என்பதால் 'மேக்ஸ்' கடைசிவரை மாறவே இல்லை. முதல் எண்ணையே 'மேக்ஸ்' ஆக வைத்துத் தொடங்கியிருந்தால் சரியாக வந்திருக்கும். ஆனால் அன்று எனக்கு அது பிடிபடவில்லை. கை நடுங்கியது. விடை மைனஸ் மூன்று என்று பார்த்தாலே தெரிந்தது. அதைத் தாளில் வெளியீடு என்று எழுதி, கீழே அந்தக் கடைசி வரியையும் எழுதிவிட்டேன். நண்பன் பூஜ்யம் என்றே எழுதினான். 'இது தவறு, காரணம் தெரியவில்லை' என்று கீழே குறிப்பும் எழுதினான். யாரும் எங்கள் திரையை வந்து பார்க்கவில்லை, தாளைத்தான் திருத்தினார்கள். எனக்கு நல்ல மதிப்பெண். அவனுக்கு அரியர். அன்று மாலை பஸ்ஸில் பழைய டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்து அவனேதான் காரணத்தைக் கண்டுபிடித்தான். அந்த லேபில் கம்ப்யூட்டர் படித்தவன் அவன் ஒருவன்தான்.

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அழகான ரெக்கார்டுகளில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தானே? பிள்ளை தட்டுத்தடுமாறி எழுத வேண்டியதை நீங்களே முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஏன் விழிக்கிறார்கள் என்று கேட்டால் எப்படி? தப்பே வராத நோட்டில் பிள்ளை எங்கே யோசிக்கும்? மோரிஸ் வில்க்ஸ் எவ்வளவு பெரிய ஆள்! 1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை இயங்க வைத்தவர். அதே வருடம் மாடிப்படியில் போய்வரும்போது, மீதி வாழ்நாளில் கணிசமான பகுதி தன் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று உறைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதா?

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறையும் இல்லை. 2001-ல் மெக்ராக்கன் என்பவர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் நிரலாக்கத்தின் தொடக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களைச் சின்ன கால்குலேட்டர் நிரல்களை எழுதச் சொன்னது. சராசரி 110-க்கு 23-கூட இல்லை. 2004-ல் லிஸ்டர் குழு ஏழு நாடுகளில் பார்த்தபோது, சின்ன நிரலைக் கொடுத்து விடை என்ன வரும் என்று கேட்டாலே பலர் தடுமாறினார்கள். எழுதுவது இருக்கட்டும், படிக்கவே வரவில்லை.

அதனால் பாடத்திட்டம் மாறக் காத்திருக்க வேண்டாம். ரெக்கார்டில் இடதுபக்கம் கோடு போடாத தாள் இருக்கிறதே, அதைப் பிழைக்கு ஒதுக்குங்கள். என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எங்கே தேடினேன். எழுத்துப் பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. உங்கள் கையெழுத்து அந்தப் பக்கத்தில் விழட்டும். மாதிரி ரெக்கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நொடியில் நிரல் எழுதித் தரும். அதை வரிவரியாகப் படித்து, மைனஸ் எண் வந்தால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெரிய எண் நிரலையே, பூஜ்யத்தில் தொடங்குவதையே, பலகையில் எழுதுங்கள். மைனஸ் ஏழு, மைனஸ் மூன்று, மைனஸ் பன்னிரண்டு கொடுங்கள். முதலில் கணினி வேண்டாம், 'மேக்ஸ்' எப்போது எந்த மதிப்பில் இருக்கிறது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இயக்கிக் காட்டுங்கள். பூஜ்யம் வந்ததும் வகுப்பில் சத்தம் கிளம்பும், அடக்காதீர்கள். விடையை மட்டும் அன்றைக்குச் சொல்லிவிட வேண்டாம். மணி அடித்தால் அப்படியே வீட்டுக்குப் போகட்டும். செவ்வாய்க்கிழமை யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.