நோய் போய்விட்டது, ருசி ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 56. கொளத்தூரில் வசிக்கிறேன், பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரிந்து, 35 சிட்டிங் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். வாரம் ஒரு கீமோவும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து நான்கரை மாதம் ஆகிறது. ஸ்கேனில் நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகிறது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. ஒரு மாடி ஏறினாலே உட்கார வேண்டியிருக்கிறது. காலையில் தாடைக்குக் கீழே வீங்கியிருப்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, திரும்ப வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்னோடு சிகிச்சை பெற்ற ஒருவர் இப்போது பிரியாணி சாப்பிடுகிறாராம். எல்லோரும் என்னைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன், மனைவி அழுதுவிட்டாள். என்னிடம்தான் ஏதாவது குறையா?
— ஒரு வாசகர், சென்னை-99

பதில்: அன்புள்ள ஐயா, நான் மருத்துவர் இல்லை. என் சித்தப்பாவுக்கு இதே இடத்தில் இதே நோய் வந்து, அவருடன் இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நடந்ததில் கண்டவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டும். கடைசி சிட்டிங் முடிந்த நாளிலிருந்து உடம்பு தேறத் தொடங்குவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இயந்திரம் நின்ற பிறகும் கதிர்வீச்சு செய்த வேலை உள்ளே தொடர்கிறது, வாய்ப்புண் பலருக்கு அதற்கடுத்த ஓரிரு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. பெட் ஸ்கேனைப் பொதுவாகச் சுமார் 12 வாரம் கழித்து எடுப்பதும் இதனால்தான். அதற்கு முன்னால் எடுத்தால் உள்ளே இருக்கும் வீக்கமும் புண்ணும் நோயைப் போலவே தெரிந்து குழப்பிவிடும். ஸ்கேன் எடுப்பதற்கே மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய ஒரு தொண்டையிடம், நான்கரை மாதத்தில் பழையபடி சாப்பிடவில்லையே என்று கோபித்துக்கொள்வது நியாயம் இல்லை.

இது நமக்குத் தெரியாமல் போனதில் வியப்பும் இல்லை. புற்றுநோய் என்றாலே 'அடையாறு' என்று சொல்லிப் பழகிய நகரம் நம்முடையது; முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் அங்கே நிலையம் தொடங்கியதிலிருந்து நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டோம். சிகிச்சை முடிந்த பிறகு வீட்டுக்குள் கழியும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அதற்காக, 'பொறுமையாக இருங்கள்' என்று நானும் சொல்லப் போவதில்லை. அந்த அறிவுரை பாதிதான் சரி. நாக்கின் ருசி, உடம்பின் அசதி இரண்டும் பெரும்பாலும் நாள்பட நாள்பட மெல்லத் திரும்புபவை. வாய் திறப்பதும் விழுங்குவதும் அப்படி அல்ல. பயன்படுத்தாமல் விட்டால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவை இன்னும் இறுகிப்போகும். உங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பல் வரிசைகளுக்கு இடையே வைக்க முடிந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது என்று பொருள். மருத்துவர்கள் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைத் தாடை இறுக்கம் என்பார்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் உங்களுக்கு இப்போதே பயிற்சி வேண்டும். என் சித்தப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது மிக எளிய முறை: ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, அரை நிமிடம் அப்படியே பிடித்து, எடுத்துவிட்டு, மறுபடியும் வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து முறை, வலிக்கும் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய மாதக் காலண்டரில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் குச்சி எண்ணிக்கையைக் குறித்துவைப்பார். 11-இல் தொடங்கியவர், 17-க்கு வர ஐந்து மாதம் பிடித்தது; இடையில் மூன்று வாரம் 13-இலேயே நின்று எங்களையெல்லாம் வாட்டியெடுத்தார். நீங்களாக ஆரம்பிக்காமல், ஒருமுறை பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அந்தப் பயிற்சியாளரைத்தான் நம் ஊரில் பலர் தேடுவதே இல்லை. பேச்சுப் பயிற்சி என்றால் திக்குவாய்க் குழந்தைகளுக்கானது என்று நினைக்கிறார்கள். விழுங்குவதைச் சோதித்து, எந்தப் பதத்தில் சாப்பிட்டால் புரையேறாது, தலையை எப்படிச் சாய்க்க வேண்டும், எந்தத் தசைக்கு என்ன பயிற்சி என்றெல்லாம் சொல்பவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களே. உங்களுக்குச் சிகிச்சை அளித்த இடத்திலேயே முதலில் கேளுங்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது.

அடுத்து இட்லி. மென்மையானது என்று எல்லோரும் நோயாளிக்கு இட்லியைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அந்தச் சுரப்பிகள் கதிர்வீச்சில் வாடியிருக்கும்போது இட்லி இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, மாவாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் முக்கால் மணி நேரம் அங்கேதான் போகிறது. காரமில்லாத சாம்பாரில் முழுக ஊறிய இட்லி, குழைய வடித்துப் பாலும் தயிரும் விட்டுப் பிசைந்த சாதம், நெய் விட்ட பாசிப்பருப்புக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், அரைவேக்காடாக இல்லாமல் நன்கு வெந்தும் தளதளவென்று இருக்கும் முட்டை ஆகியவற்றை முயன்று பாருங்கள். ஒரே தடவையில் வயிறு நிறைய வேண்டும் என்பதில்லை. ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ருசி பலருக்கு மூன்றாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் படிப்படியாக வருகிறது. சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது, சிலருக்குப் பழையபடி முழுதாக வருவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உமிழ்நீருக்கு இன்னும் நீண்ட காலம், ஓரிரு ஆண்டுகூடப் பிடிக்கலாம். நாக்கு உறங்கினாலும் மூக்கு பெரும்பாலும் விழித்திருக்கும். பெருங்காயம், கொத்துமல்லி, உருக்கிய நெய் இவற்றின் மணம் முதலில் துணைக்கு வரும். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும், கத்திரி வெயிலில் இரட்டிப்பாக.

காலையில் தெரியும் வீக்கம் குறித்து: கழுத்தில் நிணநீர் வடியும் பாதைகள் சிகிச்சையில் சேதப்படுவதால், படுத்திருக்கும்போது அது தாடைக்கடியில் தேங்கி, எழுந்து நடமாடியதும் மெல்ல வடிவது இந்தச் சிகிச்சைக்குப் பின் சாதாரணமாகக் காண்பது. உங்களுடையதும் அப்படிக் காலையில் மிகுந்து மாலையில் குறைகிறதா என்று கவனியுங்கள். எப்படியிருந்தாலும் ஒருமுறை மருத்துவரின் கை பட்டுப் பார்த்துவிடட்டும், உங்கள் தூக்கத்துக்கு அது நல்லது. ஆனால் கல்லைப் போல் கெட்டியான புதுக் கட்டி, ஒரு பக்கக் காது மட்டும் விடாமல் வலிப்பது, வாயில் ரத்தம், தேறி வந்த விழுங்குதல் திடீரென்று மோசமாவது, சாப்பிடும்போது இருமலும் பின்னால் காய்ச்சலும் வருவது ஆகியவற்றில் எதற்கும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. மூச்சுவிடச் சிரமமானால் அன்றைக்கே ஓட வேண்டும்.

அசதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களில் பலருக்குத் தைராய்டு மந்தமாகிவிடும். களைப்பும் மனச்சோர்வும் அதனாலும் வரலாம். டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உங்களுக்குச் செய்தார்களா என்று கேளுங்கள். பல்லைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: தெருமுனைப் பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால், கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் நாற்காலியில் உட்காராதீர்கள். கதிர்வீச்சு பட்ட தாடையெலும்பில் புண் ஆறாமல் போகும் அபாயம் பல ஆண்டுகளுக்கு இருக்கிறது.

பிரியாணிக்காரரை விட்டுவிடுங்கள். அவருக்குக் குரல்வளையில் ஒரு சிறு இடத்தில் மட்டும் கதிர் வைத்திருக்கலாம். இரு பக்கக் கழுத்தும் நாக்கின் அடியும் வாங்கிய உங்களோடு அவரை ஒப்பிட இடமே இல்லை.

இனி, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயம். வீட்டுக்கு வந்தவரை 'சாப்பிட்டீங்களா' என்று விசாரிப்பதில்தான் நம்முடைய அன்பே தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் சாப்பிட முடியாத ஆணும், அவருக்குச் சமைக்கும் பெண்ணும் ஒவ்வொரு வேளையும் தேர்வு எழுதுவதைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டைத் தள்ளியபோது உங்கள் கோபம் தொண்டையின் மேல். அவர் கண்ணில் பட்டதோ, காலையிலிருந்து தான் ஆக்கியதைத் தள்ளிய கை. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சில வாரங்களுக்கு, அவர் சாப்பிட்டு முடித்த பின் நீங்கள் தனியாக, யாரும் வாயைப் பார்க்காமல், உங்கள் வேகத்தில் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டுக்குப் போவதானால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், பந்தியில் பாயசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். மனம் மிகவும் தளர்ந்து, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

காலண்டரில் குச்சி எண்ணிக்கையை எழுதும் வேலையை உங்கள் மனைவியிடமே கொடுங்கள். என் சித்தி ஒரு குச்சியைக் கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். அந்தக் கறார்தான் சித்தப்பாவை ஐந்து மாதம் உட்காரவைத்தது. மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதும்.