கள் ஈஸ்ட்டுக்கு ஊற்றிய அகார் உறையவில்லையா?

பாக்டீரியாவைத் தடுக்க பி.எச். 3.5க்கு அமிலம் சேர்த்த பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார்) தட்டு மறுநாளும் கஞ்சியாகவே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். டார்டாரிக் அமிலத்தை ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் கலன்) முன்பே கலந்ததுதான் வினை. அமிலத்தோடு 121 டிகிரி சூடு பட்டால் அகாரின் சங்கிலிகள் அறுந்துபோகும். அதைக் கொட்டிவிடுங்கள், தேற்ற முடியாது.

லிட்டருக்கு 39 கிராம் பி.டி.ஏ. பொடி, அமிலமில்லாமல் ஆட்டோகிளேவில் 15 நிமிடம். 50 டிகிரிக்கு ஆறியதும் (குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற சூடு) கிருமிநீக்கிய 10% அமிலக் கரைசலை 10 முதல் 14 மில்லி விட்டு, நுரை எழாமல் சுழற்றி, உடனே ஊற்றுங்கள். மறுபடி உருக்கவே கூடாது.

ஆனால் கள்ளில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா அமிலத்துக்கு அவ்வளவாக அசராது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்தான் மேல். சூடு தாங்கும், முன்பே கலக்கலாம்.