வேலையை நிறுத்திவிட்டுக் கண்காட்சிக்குப் போகலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்ன அளவில் வயரிங் கொந்தராத்து எடுத்துச் செய்கிறேன். என்னோடு இரண்டு பொடியன்கள் வேலை செய்கிறார்கள். அடுத்த மாதம் கொழும்பு பி.எம்.ஐ.சி.எச். மாநாட்டு மண்டபத்தில் மின் ஒப்பந்தக்காரர்களுக்கென்று மூன்று நாள் மாநாடும் கண்காட்சியும் இருக்கிறது. போனால் வேலை நிற்கும். சாமானைப் புறக்கோட்டையிலேயே வாங்கலாம்தானே? போவதா, விடுவதா?

பதில்: ஒரு நாள் போங்கள். மூன்று நாளும் தேவையில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, வயரிங் ஒழுங்குவிதிகள், கூரை சோலார், மின்வாகன சார்ஜர் பற்றிப் பேசும் நாளைத் தெரிந்தெடுங்கள்.

சாமான் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு போதும்தான். ஆனால் அங்கே கவுன்டரில் விலையைத்தான் கேட்க முடியும். இந்த பிரேக்கரை இந்த இடத்தில் போடலாமா என்று கேட்டு நின்றால் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கண்காட்சியில் பெரும்பாலும் கொம்பனியின் பொறியியலாளரே நிற்பார், அவருக்குப் பதில் சொல்ல நேரமும் இருக்கும். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் ஒரு வீட்டின் டிபியை (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியை) திறந்து போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். கேள்விகள் தானாக வரும்.

முதலில் ட்ரிப் சுவிச் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ஆர்.சி.சி.பி. (ட்ரிப் சுவிச்சின் முறையான பெயர்) ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். லைனும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள்ளால் போகின்றன; இரண்டிலும் பாயும் மின்சாரம் வேறுபட்டால் சுவிச் விழும். டெஸ்ட் பொத்தானிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போகும் வயர் அந்த வளையத்துக்கு வெளியே சுற்றிப் போகிறது. விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன், எர்த் வயர் அதற்குள் எங்குமே இல்லை. பொத்தானை அமர்த்தி ட்ரிப் ஆனால் எர்த்தும் சரி என்று அதுவரை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அது பிழை. பொத்தான் சுவிச்சை மட்டும்தான் சோதிக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளின் எர்த் வளவுக்குள் இறக்கிய கம்பிதான். அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் வயர் மோட்டரின் உடலில் பட்டாலும் 230 வோல்ட்டில் 11.5 அம்பியர்தான் பாயும். 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. ஆளைக் காப்பாற்ற, 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிச் ஒன்றுதான் இருக்கிறது. எர்த் கம்பி அரித்து அறுந்துபோன வீட்டில், தண்ணீர் மோட்டரில் கசிவு இருந்தால் அந்தச் சுவிச்சும் யாராவது மோட்டரைத் தொடும்வரை விழாது. தொடுவது ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். எர்த் டெஸ்டர் விற்பவர்களிடம் அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்.

அதே இடத்தில் ட்ரிப் சுவிச்சில் ஏ.சி. வகைக்கும் ஏ வகைக்கும் வித்தியாசத்தைக் கேளுங்கள். முகப்பில் ஒரு அலை மட்டும் வரைந்திருந்தால் ஏ.சி. வகை. அதோடு அரை அலைகளும் இருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏசி, புதிய வொஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவில் டி.சி. கலந்து வரும், ஏ.சி. வகை அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். நாம் பின்பற்றும் பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் நியமத்தின் 2022 திருத்தம், டி.சி. கலக்காத லோட்டுகளுக்கு மட்டுமே ஏ.சி. வகை என்று சொல்கிறது. மாநாட்டில் இதைப் பற்றிய உரை இருந்தால் தவறவிட வேண்டாம்.

கேபிள் பக்கம் போகும்போது பையில் ஒரு மைக்ரோமீற்றர் இருக்கட்டும். கேபிளில் 7/0.67 என்று இருந்தால் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழை, மொத்தம் ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர். இழை 0.60 ஆக இருந்தால் செம்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஏசி ஓடும்போது வயர் சூடாவதில்தான் தெரியும். நல்ல கேபிள் எப்படி அளவு காட்டுகிறது என்று அங்கே பழகிக்கொண்டால், புறக்கோட்டையில் மலிவாகத் தரும் சுருளையும் அளந்து பார்த்தே வாங்குவீர்கள்.

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு வேலை வருகிறதென்றால், டிரான்ஸ்போமருக்குப் பக்கத்தில், ஷோர்ட் ஆகும்போது 6,000 அம்பியர்வரை துண்டிக்கக்கூடிய பிரேக்கர் போதுமா, 10,000 வேண்டுமா என்பதையும் கேட்டு வாருங்கள்.

கண்காட்சி விலை என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு வருடத்தில் பழுதானால் கொழும்பில் யார் மாற்றித் தருவார் என்று கேளுங்கள். பெயரும் முகவரியும் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பொடியன்களில் ஒருவரையாவது கூட்டிப் போங்கள், அன்றைய சம்பளத்தைக் கொடுத்தே கூட்டிப் போங்கள். தொழிற்பயிற்சி நிறுவனங்களின் ஆட்கள் வந்திருந்தால், செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுக்கும் வழியை அவரே நேரில் கேட்கட்டும்.