அந்த 715 மீட்டர்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் திருவண்ணாமலை. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். வயது 43. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். ஆறு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன். மும்பை ஓட்டத்தின் கூட்டத்துக்கு அஞ்சி, என் முதல் முழு மாரத்தானுக்கு நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தொடக்கம் இனிமையாகவே இருந்தது. அரை மாரத்தான் ஓடியவர்கள் 21ஆவது கிலோமீட்டரில் திடலுக்குள் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு பாதையில் மிஞ்சியவர்கள் நூறு பேர்கூட இல்லை. எட்டரை மணிக்குச் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டதால், நான் இரண்டு முறை நகரப் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டேன். 33ஆவது கிலோமீட்டரின் தண்ணீர்ப் பந்தலில் வெறும் மேசை மட்டுமே இருந்தது. பக்கத்தில் மோர் விற்ற ஓர் அம்மாள் காசு வாங்காமல் இரண்டு குவளை கொடுத்தார். 5 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். பதக்கம் தீர்ந்துவிட்டது, கூரியரில் வரும் என்றார்கள். சட்டையும் அளவு மாறியிருந்தது.

இவற்றைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. என் கடிகாரம் 42.91 கிலோமீட்டர் காட்டியது. மாரத்தானின் தூரம் 42.195. எனவே 715 மீட்டர் கூடுதல். கடிகாரத்தின்படி 42.195ஐக் கடந்தபோது 5 மணி 46 நிமிடம்தான் ஆகியிருந்தது. அமைப்பாளர்களிடம் கேட்டதற்கு, அது அளந்து சான்று பெற்ற பாதை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எங்கள் குடியிருப்பின் ஓட்டக் குழுவில் எந்த நேரத்தைச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டுமே சொல்லக் கூசும் நேரங்கள்தான். கிலோமீட்டர் வாரியான பதிவை இணைத்திருக்கிறேன்.

இத்தகைய நகரங்களில் ஓடுவதில் பொருள் உண்டா, அல்லது மும்பை, டெல்லி போன்ற பெரிய ஓட்டங்களுக்கே காத்திருக்க வேண்டுமா? உண்மையில் நாம் ஏன் ஓடுகிறோம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு பித்தளை வில்லை கிடந்தது. முந்தைய நாள் அல்சூர் வீட்டின் பரணை ஒழித்தபோது கிடைத்தது அது. என் அப்பாவின் அளவைச் சங்கிலியிலிருந்து கழன்று விழுந்த வில்லை. அதன் ஓரத்தில் மூன்று பற்கள் உண்டு. 66 அடிச் சங்கிலியில் நூறு கண்ணிகள் இருக்கும். பத்துக் கண்ணிக்கு ஒரு வில்லை கோத்திருப்பார்கள். ஒரு பல் என்றால் பத்து, இரண்டு என்றால் இருபது. இரு முனைகளிலிருந்தும் எண்ணுவதற்கு வசதியாக அமைத்திருப்பதால், மூன்று பல் என்பது முப்பதாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். நாம் எந்த முனையில் நிற்கிறோம் என்பதை மறந்தவனுக்கு வில்லையால் பயனில்லை. இதையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் 715 மீட்டர் வந்து சேர்ந்தது. இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது ஐயம்தான்.

முதலில் சில்லறைகளை முடித்துவிடுகிறேன். பதக்கம் வரும், அல்லது வராது. சட்டையைத் தம்பிக்குக் கொடுங்கள். நாம் ஏன் ஓடுகிறோம் என்பதைக் காலை ஐந்தரைக்குக் கப்பன் பூங்காவில் மூச்சிரைத்துக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றும் நம்பும்படியாக இருக்காது.

அந்தத் தண்ணீர்ப் பந்தல் சில்லறை அல்ல. நாலரை மணி நேரத்தில் 33ஆவது கிலோமீட்டரைக் கடப்பவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவைப்படும், ஏனென்றால் அவர்தான் வெயிலில் ஓடுகிறார். மூன்று மணி நேரத்தில் முடித்தவர் அதற்குள் அறைக்குப் போய்க் குளித்திருப்பார். கடைசியாக வருபவரின் தண்ணீரைக் கணக்கிட்டு வைக்காதவர்களுக்கு ஓட்டம் நடத்தும் தகுதி கிடையாது. நீங்களோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், பெங்களூர்க் குளிரில் பழகிய உடம்போடு கீழே இறங்கிப் போயிருக்கிறீர்கள். அந்த அம்மாளின் மோர் இல்லாதிருந்தால் இந்தக் கடிதத்தை மருத்துவமனையிலிருந்து எழுதியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் அமைப்பாளர்களிடம் கேட்டது எதைப் பற்றி? காலி மேசையைப் பற்றி அல்ல, 715 மீட்டரைப் பற்றி. மோர் கொடுத்தவருக்கு ஒரு வரி, கடிகாரத்துக்கு ஒரு பத்தி. படித்தபோது எனக்குக் கோபம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

போகட்டும், கடிகாரத்துக்கு வருவோம். அந்தப் பாதை எப்படி அளக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஜி.பி.எஸ். கொண்டு அளப்பதில்லை, கார் மீட்டரைக் கொண்டும் அளப்பதில்லை. சைக்கிளில்தான் அளக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், நீங்கள் ஓடியது போன்ற ஒரு நகரத்தில், பாதை அளக்கும் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஓர் இரவு முழுக்க அலைந்திருக்கிறேன். போக்குவரத்து ஓய்ந்த பிறகு, இரவு இரண்டரை மணிக்கு, வளைவில்லாத ஒரு சாலையில் எஃகு நாடாவை விரித்து 300 மீட்டரை அளந்தோம். நாடாவின் ஒரு முனையில் விசைத்தராசைக் கோத்து, சுமார் ஐந்து கிலோ காட்டும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. தார்மேல் ஒரு வெப்பமானி கிடந்தது. எஃகு வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் அதற்கும் கணக்கு உண்டு. பிறகு அந்த 300 மீட்டரை அவர் சைக்கிளில் நான்கு முறை கடந்தார். முன்சக்கர அச்சில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற சிறு எண்பொறி இருக்கிறது. சக்கரம் ஒரு முறை சுற்றினால் இருபதுக்கு மேல் எண்ணும். இவ்வாறு 300 மீட்டருக்கு எத்தனை எண் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பாதையை அளக்கக் கிளம்பினார். விடிந்து, பாதை முடிந்ததும், திரும்ப வந்து அதே 300 மீட்டரை மறுபடி நான்கு முறை கடந்தார். வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரிந்து சக்கரம் மயிரிழை பெருத்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம்.

அப்பா பணியாற்றிய தாலுகா அலுவலகத்தின் முற்றத்தில் 66 அடி இடைவெளியில் இரண்டு கல் நட்டிருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவர் சர்வேயர் அல்ல, செயின்மேன். சங்கிலியைத் தோளில் சுமந்து வயல்களில் இழுத்துப் போனவர். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சங்கிலியை அந்த இரண்டு கல்லுக்கு நடுவில் இழுத்துப் பார்ப்பார். வளையங்கள் தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் எண்ணிக்கை குறையும், ஏட்டில் நிலம் சுருங்கிவிடும். “சங்கிலி ஓர் அங்குலம் நீண்டால் எவனோ ஒருத்தன் வரப்பு போச்சு” என்று சொல்லிக்கொண்டே கண்ணியைச் சுத்தியலால் தட்டுவார். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன், நாட்டையே அளக்கத் தொடங்குவதற்கான முதல் கோடாக, பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தபோது, எஃகுச் சங்கிலிக்கு வெயில் படாமல் கூடாரம் போட்டு நிழல் தந்தார் என்று பிற்காலத்தில் படித்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிதும் வியக்கவில்லை.

உங்கள் கணக்கைக் கேளுங்கள். பாதையின் தூரம் என்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியின் தூரம். ஒவ்வொரு வளைவிலும் உள்ளோரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, ஒரு வளைவின் உட்புறத்திலிருந்து அடுத்த வளைவின் உட்புறத்துக்கு நேர்கோட்டில் சைக்கிள் போகும். அதோடு, பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுவார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர். 1981இல் நியூயார்க்கில் ஆல்பெர்ட்டோ சலசார் 2:08:13 என்று உலகச் சாதனை படைத்தார். பாதையை மறுபடி அளந்தபோது 148 மீட்டர் குறைந்ததால், சாதனை கைவிட்டுப் போயிற்று. மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் பாதை 380 மீட்டர் குட்டையாக இருந்து, ஆயிரக்கணக்கானோரின் நேரங்கள் செல்லாமல் போயின. எனவே அந்த 42 மீட்டர் உங்களை ஏமாற்ற வைத்ததல்ல, காப்பாற்ற வைத்தது.

நீங்களோ அந்த நேர்கோட்டில் ஓடவில்லை, யாரும் ஓடுவதில்லை. வளைவில் மூன்று மீட்டர் வெளியே தள்ளி ஓடினால், ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் ஏறக்குறைய 4.7 மீட்டர் கூடும். தண்ணீருக்காக இடது ஓரம், நிழலுக்காக வலது ஓரம், பேருந்துக்காகக் குழியோரம் என்று நீங்கள் கடந்ததெல்லாம் சேரும். மீதியைச் செய்தது செயற்கைக்கோள். மரத்தடியிலும் கட்டட நெருக்கத்திலும் அது உங்களைச் சில மீட்டர் இங்கும் சில மீட்டர் அங்குமாக மாற்றி மாற்றிக் குறித்துவிட்டு, அந்தக் கோணல் புள்ளிகளையெல்லாம் இணைத்துக் கூட்டுகிறது; கோணல் கோடு நேர்கோட்டைவிட எப்போதும் நீளம்.

அப்படியானால் அமைப்பாளர்கள் தவறே செய்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். 2021இல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் நீண்டுவிட்டது. சரியாக அளந்த பாதையிலும், திரும்பும் இடத்தின் கூம்பை விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில் அடுத்த விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டால் முடிந்தது கதை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கூம்பு தவறியிருந்தால் வித்தியாசம் ஓரிடத்தில் திடீரென்று தாவும். கடிகாரமும் காலும் காரணமாக இருந்தால் அது சீராக வளரும். நீங்கள் அனுப்பிய பதிவை ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். 10ஆவது கிலோமீட்டர் பலகையில் 170 மீட்டர், 20இல் 340, 30இல் 510, 40இல் 680. கிலோமீட்டருக்கு 17 மீட்டர் வீதம், வட்டி ஏறுவது போல ஏறியிருக்கிறது. எங்கும் தாவவில்லை. அந்தப் பாதையில் கோளாறில்லை, ர. உங்கள் மணிக்கட்டில் இருப்பது கண்ணி குறைந்த சங்கிலி. குட்டைச் சங்கிலி நிலத்தைப் பெரிதாகக் காட்டும். 5 மணி 46 என்று ஒரு நேரம் கிடையாது. நீங்கள் ஓடியது 5 மணி 52 நிமிடம். அதைக் குழுவில் எழுதுங்கள்.

கூசுகிறது என்கிறீர்கள். யார் முன்னால்? குடியிருப்பைச் சுற்றி எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, அதைப் படமெடுத்து அனுப்புபவர்கள் முன்னாலா? முன்னும் பின்னும் ஆளில்லாத சாலையில், பேருந்துக்கு வழிவிட்டு, தண்ணீர் இல்லாமல், இருபத்தொரு கிலோமீட்டரை ஒரு மனிதர் தனியாகக் கடந்திருக்கிறார். நாற்பத்து மூன்று வயதுக்கு அது போதாதா? நீங்கள் என் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் முதலில் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டு, பிறகு திட்டியிருப்பேன். கடிதத்தில் அந்த வரிசையைக் காக்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை மறந்தே போனேன். நடுத்தர நகரங்களில் தாராளமாக ஓடலாம். ஷிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நிறுவிய இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. 1978இல் அவர் அதை ஓடியது மும்பையிலோ டெல்லியிலோ அல்ல, ஜலந்தரில். மும்பைக்கும் போங்கள், முப்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பிறகு பெடர் சாலை மேடு உங்களுக்காகக் காத்திருக்கும், இரு பக்கமும் ஆட்கள் நின்று வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் நீட்டுவார்கள். அங்கேயும் உங்கள் கடிகாரம் 42.195 காட்டப்போவதில்லை.

அன்று இரவின் ஒரு காட்சியைச் சொல்ல விட்டுப்போயிற்று. பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு மீன் சந்தையின் அருகே ஏழெட்டு நாய்கள் சைக்கிளைத் துரத்தின. நண்பர் தப்புவதற்காக அளவைக் கோட்டிலிருந்து விலகி எதிர்ப்பக்கம் ஓட்டிவிட்டார். நாய்கள் அடங்கியபின் எண்பொறியைப் பார்த்தார். நான்கைந்து மீட்டர்தான் பிசகியிருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, முந்தைய கிலோமீட்டரில் நாங்கள் தாரில் அடித்த ஆணிக்கே திரும்பிப் போய், முன்சக்கரத்தை ஆணியின் தலைமேல் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி தொடங்கினார். அதே நாய்கள் அதே இடத்தில் காத்திருந்தன. மூன்றாவது முறைதான் கடக்க முடிந்தது.

அவர் அடுத்த மாதம் வேறொரு நகரத்துக்கு அளக்கப் போகிறார். இருசக்கர வண்டியில் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டுமாம். என் முதுகு இப்போது அதற்கு இடம் தருவதில்லை என்பதால் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை இரவு கிளம்ப வேண்டியிருக்கும். நாய்களுக்கு ஒரு பை நிறையப் பொறை வாங்கிக்கொண்டு போங்கள்.